சிறு மாற்றம்

அந்த அலுவலகத்தில் ஒன்பதரைக்கு டீ வரும், பத்து மணிக்குச் சண்டை வரும். அந்தத் திங்கட்கிழமை மட்டும் டீக்கு முன்னாலேயே சண்டை வந்து உட்கார்ந்திருந்தது. மூன்றாம் மாடியின் பதினாறு மேசைகளிலும் தொலைபேசி ஒரே நேரத்தில் அலறியது. எடுத்தவர்கள் எல்லோரும் "சார், ஒரு நிமிஷம் கேளுங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எதிர்முனையில் இருந்தவர்கள் யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

ஸ்கேன் மையங்களுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனி அது. நோயாளியைப் படுக்கவைத்து எடுத்த படத்தைத் திரையில் திறந்து டாக்டருக்குக் காட்டுவது அந்த மென்பொருளின் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலை எவனோ விஷக் கோப்பு ஒன்றை ஸ்கேன் படம் மாதிரி வேஷம் கட்டி அனுப்பிவிட்டான். அதைத் திறந்த கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பிடிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. விடிந்து பார்த்தால் அறுபத்து மூன்று மையங்களில் ஒரு படமும் திறக்கவில்லை.

பதினோராம் எண் தொலைபேசி பூதக்கண்ணாடியுடையது. அவள் நாற்பத்து மூன்று வயதுக்காரி. மற்றவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் நிரலில் குறை தேடுவது அவள் உத்தியோகம். கமாவைக்கூட விடமாட்டாள் என்பதால் சக ஊழியர்கள் வைத்த பெயர் அது. முதலில் கோபப்பட்டாள், பிறகு பெருமைப்பட்டாள். இப்போது தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் தொலைபேசியை எடுத்தாள்.

"எங்க அப்பா வழுக்கி விழுந்துட்டாருங்க. தலையில அடி. நேத்து சாயங்காலம் ஸ்கேன் எடுத்தாங்க. எடுத்த படம் தெறக்கலையாம். உங்க நம்பரைக் குடுத்தாங்க. தெறந்து குடுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"மேடம், எங்க ஆளுங்க பாத்துக்கிட்டிருக்காங்க..."

"நாங்களும்தான் நேத்துலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கோம்! அவர் தையல்காரருங்க. வலது கை மரத்துக்கிட்டே வருது. படத்தைப் பாக்காம ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. திரும்ப எடுக்கலாம்னா அந்த மெஷினும் உங்க கம்ப்யூட்டர்லதான் மாட்டியிருக்காம். நான் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க."

"புகாரைப் பதிஞ்சுக்கறேன்" என்றாள் பூதக்கண்ணாடி.

"பதிஞ்சு ஃபிரேம் போட்டு மாட்டுங்க" என்று அந்தப் பெண் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பத்து மணிக்குக் கூட்டம். மேலாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் 'தப்பு எங்கே' என்று கேட்க மாட்டார், 'தப்பு யார் மேல' என்று கேட்பார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"யார் மேல?" என்று ஆரம்பித்தார்.

புதுசு எழுந்து நின்றான். வெளியிலிருந்து எடுத்துப் போட்ட மென்பொருள் பாகங்களைக் கவனிப்பவன் அவன். எதற்கும் புதிய பதிப்பு வந்த அன்றே மாற்றிவிடுவான், அதனால் அந்தப் பெயர்.

"சார், படத்தைப் படிக்கிற பாகம் இருக்கே, அந்த லைப்ரரியிலதான் ஓட்டை. அது நாம எழுதினது இல்ல. வெளியில ஒருத்தர் எழுதி இலவசமா விட்டிருக்கறது. போன மாசம் ஆய்வுக்கு வர்றாங்கன்னு எல்லாத்தையும் புதுப் பதிப்புக்கு மாத்தினேன். அதையும் மாத்தினேன். ஃபார்ம்ல 'எல்லாம் புதுசா இருக்கா'ன்னு ஒரு கட்டம் இருக்கு, டிக் போடணும்ல?"

"அப்ப நம்ம மேல இல்ல" என்று மேலாளர் முகம் மலர்ந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

கூட்டம் கலைந்ததும் மேலாளர் பூதக்கண்ணாடியை மட்டும் நிற்கச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"அன்னைக்கு நீங்க சரி பண்ணீங்களே, அதானே இது?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"அதேதான் சார். புதுப் பதிப்பைப் போட்டப்போ நான் பண்ணின திருத்தம் அழிஞ்சு போச்சு. அது இருக்குன்னு புதுசுக்குத் தெரியாது. நாமதான் யார்கிட்டயும் சொல்லலையே."

நடந்தது இதுதான். ஒவ்வொரு படக் கோப்பும் தொடக்கத்திலேயே 'நான் இவ்வளவு பெரியவன்' என்று தன் அளவைச் சொல்லிக்கொள்ளும். அந்த லைப்ரரி அதை அப்படியே நம்பி, அந்த அளவுக்குக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இடம் ஒதுக்கும். பிறகு வந்ததையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் உள்ளே விடும். நாலு பேர் என்று சொல்லி வேன் பிடித்துவிட்டு நாற்பது பேர் ஏறின கதைதான். இடம் போதாமல் போனால் ஒருவன் ஓட்டுநர் இருக்கையிலும் உட்காருவான். உட்கார்ந்தவன் நல்லவனாக இருந்தால் வண்டி நிற்கும், கெட்டவனாக இருந்தால் வண்டி அவன் சொல்கிற இடத்துக்குப் போகும்.

இதைப் பூதக்கண்ணாடி இரண்டு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டாள். ஒன்றல்ல, இரண்டு இடங்களில் பார்த்தாள். ஒன்று படத்தின் அளவைப் படிக்கிற இடம். இன்னொன்று நோயாளியின் பெயர் எழுதிய குறிப்பைப் படிக்கிற இடம். 'ஏற்றுவதற்கு முன் எண்ணிப் பார்' என்று இரண்டு இடத்திலும் மூன்று மூன்று வரி சேர்த்தாள். வேலை முடிந்தது. கம்பெனியின் பிரதி பத்திரமாயிற்று.

லைப்ரரியை எழுதியவருக்குச் சொல்லலாமா என்று அன்று மேலாளரிடம் கேட்டாள். கேட்டாள் என்பது உண்மை. எந்தக் குரலில் கேட்டாள் என்பது வேறு விஷயம்.

"எதுக்கும்மா ஊருக்குத் தண்டோரா? போட்டிக் கம்பெனிக்காரனும் அதைத்தான் வச்சிருக்கான். அவன் மாட்டட்டும். நிரல்லயும் ஏன் மாத்தினோம்னு விளக்கமா எழுதாதீங்க. நாளைக்கு யாராவது படிச்சு வெளியில சொல்லிடுவாங்க" என்றார் மேலாளர்.

அவள் திருத்தத்தின் மேல் 'சிறு மாற்றம்' என்று இரண்டே சொல் எழுதி, தன் முதலெழுத்தையும் தேதியையும் போட்டாள். ஒரு காற்புள்ளிக்காக அரைமணி நேரம் வாதாடுகிறவள் எழுதிய குறிப்பு அது.

மேலாளர் தடுத்தார் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி அவள் நெஞ்சுக்குத்தான் தெரியும். அந்த லைப்ரரியை எழுதியவருக்கு இணையத்தில் சிடுமூஞ்சி என்று பெயர். மற்றவர்கள் திட்டி வைத்த பெயரை அவரே தன் பெயராக வைத்துக்கொண்டிருந்தார். பகலில் ஏதோ ஒரு தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலை, மிச்ச நேரத்தில் இது. ஒரு காலத்தில் பூதக்கண்ணாடி அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். 'கையேடு, நாலாம் பக்கம். படிக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதியது' என்று எல்லோர் முன்னிலையிலும் பதில் போட்டார். அதைப் பார்த்து எட்டுப் பேர் சிரித்ததையும் அவள் எண்ணி வைத்திருந்தாள். அந்த மனுஷன் நிரலில் இவ்வளவு பெரிய ஓட்டையைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது கவலை இல்லை, குளிர்ச்சி. 'கிடக்கட்டும், ஒருநாள் முகத்தில் கரி பூசிக்கொள்ளட்டும்' என்று நினைத்தாள்.

கரி இப்போது தையல்காரர் தலையில் விழுந்திருந்தது.

"சார், அந்த ரெண்டு திருத்தத்தையும் திரும்பப் போட்டுடறேன். அவருக்கும் எழுதிடலாம்" என்றாள் மேலாளரிடம்.

"போடுங்க. எழுத வேணாம். நமக்கு முன்னாடியே தெரியும்னு வெளியில வந்தா கம்பெனியை இழுத்து மூடணும். மையக்காரன் ஒவ்வொருத்தனும் கோர்ட்டுக்குப் போவான். நீங்களும் நானும் கூண்டுல நிக்கணும். உங்க முதலெழுத்துதானே அதுல இருக்கு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் கம்பெனி அறிக்கை விட்டது. 'மூன்றாம் நபர் ஒருவரால் பொறுப்பின்றிப் பராமரிக்கப்பட்ட இலவச நிரலே இந்தப் பாதிப்புக்குக் காரணம்' என்றது. அந்த நிரலின் பெயரும் போட்டிருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை இதைவிடச் சுத்தமான மொழியில் யாராலும் எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊரே சிடுமூஞ்சியின் இணையப் பக்கத்தில் போய் நின்றது. அவள் படித்துக்கொண்டே போனாள். 'கொலைகாரா.' 'தெரியாத வேலையை ஏன் செய்கிறாய்?' 'உன் கையை உடைக்க வேண்டும்.' 'எந்தத் தண்ணீர் நிலையம் என்று சொல்லுங்கள், நேரில் போய்க் கவனிக்கிறேன்.' பத்து வருடமாக அந்த லைப்ரரியைச் சும்மா எடுத்துப் பயன்படுத்திய கம்பெனிகளின் ஆட்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவர்கூட ஒருநாளும் ஒரு வரி திருத்தி அனுப்பியதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். இப்போது மாட்டுக்காரனின் பல்லையும் சேர்த்து உடைக்கக் கிளம்பியிருந்தார்கள்.

சிடுமூஞ்சி ஐந்தே மணி நேரத்தில் முதல் ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வெளியிட்டிருந்தார். வசவுகளுக்கு நடுவே அவருடைய பதிலும் இருந்தது.

'திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும். நான் எங்கும் போய்விடவில்லை. தப்பு என்னுடையது, அடைத்துவிட்டேன். இதே மாதிரி வேறு இடம் இருக்கிறதா என்று இருபதாயிரம் வரியையும் தனியாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆறாயிரம் முடிந்தது. யாராவது ஏற்கெனவே எங்கேயாவது பார்த்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். திட்டிக்கொண்டே சொன்னாலும் சரி.'

தயவுசெய்து என்ற சொல்லை அவர் எழுதி அவள் பார்த்ததே இல்லை.

இரண்டாவது ஓட்டை, நோயாளியின் பெயரைப் படிக்கிற இடத்தில், பதினாலாயிரத்துச் சொச்சம் வரியில் இருந்தது. அது எந்த வரி என்று அவளுக்கு மனப்பாடம். கம்பெனியின் பிரதியில் நேற்றே அதை அடைத்துவிட்டாள். உலகத்தில் மீதி எல்லா இடத்திலும் திறந்து கிடந்தது. முதல் ஓட்டையைக் கண்டுபிடித்தவனுக்கு அடுத்ததைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? அவன் முந்துவானா, தனியாளாகப் படிக்கிற தண்ணீர் நிலையக்காரர் முந்துவாரா?

பதினோராம் எண் அடித்தது.

"நேத்துப் பேசினவங்கதானே? புகார் பதிஞ்சீங்களே, அதுக்கு நல்ல செய்தி. அப்பாவை இன்னைக்கு விடியற்காலையில ரெண்டரை மணி நேரம் வண்டியில தூக்கிட்டுப் போய் வேற ஊர்ல படம் எடுத்தோம். ஆபரேஷன் நடந்துச்சு. உயிர் இருக்கு. ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா கையும் விளங்கியிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அதையும் பதிஞ்சுக்கோங்க."

"மேடம்..."

"மேடமாம் மேடம்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் யுத்த வாடைதான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பை கிழிந்து தொங்க, கூடத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சுங்க?"

"அஞ்சாவது மாடிக்காரன் சட்டையைப் பிடிச்சுட்டான். பிரேக் தேஞ்சிருந்துச்சு. லிஃப்டை நிறுத்தி 'பழுது, ஏறாதீங்க'ன்னு போர்டு மாட்டினேன். அவனுக்கு மூட்டு வலியாம், நான் வேணும்னே நிறுத்திட்டேனாம். போர்டைப் பிடுங்கி என் மேலயே அடிச்சான். வாங்கிக்கிட்டுத் திரும்ப மாட்டிட்டு வந்தேன்." ஊசியை அவளிடம் நீட்டினார். "கோத்துக் குடு. உனக்குத்தான் பூதக்கண்ணாடின்னு பேராச்சே."

அந்தக் கிண்டல் அன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். ஓட்டை, திருத்தம், சிறு மாற்றம், தையல்காரர், எட்டுப் பேர் சிரிப்பு, எதையும் விடவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொன்ன?" என்றார் அவர்.

"பின்னே யாருகிட்ட சொல்றது? நீங்கதானே வீட்டுக்காரர்?"

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் போய் அந்த ஓட்டையை அடைக்க முடியுமா? இப்ப எனக்கும் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு இன்னொருத்தருக்குக் கை போனா அதுல எனக்கும் பங்கு. நிம்மதியா இருந்தேன், கூட்டாளியாக்கிட்ட."

"உங்களுக்கென்ன, சுலபமா பேசுவீங்க. வேலை போயிடும். கோர்ட்டு, கேஸுன்னு அலையணும்."

"போகும். அலையணும். இல்லேன்னு நான் சொல்லலையே." குரல் உயர்ந்தது. "ஆனா நீ பண்ணினது என்ன தெரியுமா? பிரேக் தேஞ்சதைப் பாத்துட்டு, உன் வீட்டு ஆளுங்களை மட்டும் படியில ஏத்திவிட்டுட்டு, மத்தவங்களை லிஃப்ட்ல அனுப்பியிருக்க. லிஃப்ட் செஞ்சவனுக்கும் நீ சொல்லல. அவன் உன்னைத் திட்டினான்னு கோவம். என்னைத் தினம் திட்றாங்க. அதுக்காக போர்டு மாட்டாம வந்தா என்னை மனுஷன்னு சொல்வியா?"

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஊசியை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அவரும் சமாதானத்துக்கு வரவில்லை. இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். அந்தச் சட்டைப் பை கிழிந்தபடியே இருந்தது.

புதன்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகும் முன், வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து சிடுமூஞ்சிக்கு எழுதினாள். பொதுவில் எழுதவில்லை. அடைப்பதற்கு முன் ஊருக்குச் சொன்னால் திருடனுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அவர் தந்திருந்த தனி முகவரிக்கு அனுப்பினாள். எந்த வரி, என்ன குறை, அடைக்க என்ன மூன்று வரி, எல்லாம் எழுதினாள். எப்போது பார்த்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. ஓட்டையைக் காட்டியாயிற்று, மானத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அவள் மனத்துக்குள் இருந்த சின்ன மேலாளர் யோசனை சொல்லியிருந்தார்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது.

'பார்த்தேன். சரிதான். இன்று மாலைக்குள் அடைத்து வெளியிடுகிறேன். குறிப்பில் இரண்டு தேதி போட வேண்டும். கண்டது எப்போது, சொன்னது எப்போது? சொன்னது இன்று. கண்டது?'

அந்தத் தொழிலில் அது எழுதாத சட்டம். ஒரு குறையை அறிவிக்கும்போது இரண்டு தேதியும் போடுவார்கள். படிக்கிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒருநாள், இரண்டு நாள் என்றால் பாராட்டுவார்கள்.

'இன்று' என்று தட்டினாள். ஒற்றைச் சொல். யாரும் சரிபார்க்க முடியாது. அனுப்புகிற பொத்தானின் மேல் விரலை வைத்தாள். மேசை மூலையில் கணவரின் சட்டை கிடந்தது. இடது கையால் தைத்த மாதிரி கோணல் மாணலாக அவரே தைத்திருந்தார். வலது கை இருந்தும் இவ்வளவுதான் வருகிறது இவருக்கு என்று நினைத்தாள். இருபது முப்பது வருடம் சட்டை தைத்த கை ஒன்று ஏதோ ஓர் ஊரில் போர்வைக்கு மேல் சும்மா கிடந்தது.

'இன்று' என்பதை அழித்தாள். இரண்டு வருடம், மூன்று மாதம், பதினோரு நாளுக்கு முந்தைய தேதியை எழுதினாள். கீழே இன்னும் எழுதினாள்: 'இரண்டையும் நான்தான் அன்று பார்த்தேன். எங்கள் பிரதியில் மட்டும் அடைத்துக்கொண்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை. மேலிடம் வேண்டாம் என்றது. கையேட்டின் நாலாம் பக்கத்தைப் படி என்று எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கும் உங்கள் மேல் கோபம் இருந்தது. இதைக் குறிப்பில் போடுங்கள்.'

இந்த முறை ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது.

'உங்களைத் திட்ட என்னிடம் நிறைய இருக்கிறது. இப்போது நேரம் இல்லை, ஓட்டையை அடைக்க வேண்டும். பாதுகாப்புக் குறையை யாருக்கு எழுதுவது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். நாலாம் பக்கம்வரை போகவே வேண்டாம்.'

அன்று மாலை புதிய பதிப்பு வந்தது. கூடவே குறிப்பும் வந்தது. கண்ட தேதி, சொன்ன தேதி, கம்பெனியின் பெயர். விமர்சனமாக ஒரு சொல்கூட இல்லை. அந்த இரண்டு தேதியே போதுமானதாக இருந்தது. வியாழக்கிழமை காலைக்குள் ஊர் சிடுமூஞ்சியை விட்டுவிட்டுக் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டது. ஊருக்கென்ன, கல்லெறிய ஓர் ஆள் வேண்டும். சிடுமூஞ்சியிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் மூன்று பேர்தான். அவர்களில் புதுசு ஒருவன்.

மேலாளர் அறைக் கதவு இந்தத் தடவை சாத்தப்படவில்லை. மாடி முழுக்கக் கேட்டது.

"சோறு போட்ட கம்பெனிக்கு நல்லா செஞ்சீங்கம்மா! நமக்குள்ள இருந்ததை ஊர் சந்தியில கொண்டுபோய் வச்சிட்டீங்களே! உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன் நான்?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல சார்" என்றாள் பூதக்கண்ணாடி. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினதுதான். நீங்க சொல்லாதேன்னீங்க, எனக்கும் அது வசதியா இருந்துச்சு. ஓட்டை அவர் நிரல்ல இருந்துச்சு, உண்மைதான். அவருக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். இதுல யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. தினம் கேக்கற கேள்விதானே?"

"நாளையிலேர்ந்து வர வேணாம். மத்ததை வக்கீல் பேசுவார்" என்றார் மேலாளர்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது புதுசு கூடவே வந்தான். "அக்கா, அந்த 'சிறு மாற்றம்'னு ஒரு வரியை நான் பாத்தேன்க்கா. ஏதோ இடைவெளி சரி பண்ணியிருப்பீங்கன்னு நினைச்சு அழிச்சுட்டேன். ஏன்னு எழுதியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அவனைத் தேற்றத் தோன்றவில்லை. தேற்றுகிற தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, புகாருக்காகக் குறித்துவைத்திருந்த தையல்காரர் மகளின் எண்ணைக் கூப்பிட்டாள்.

"பதினொண்ணாம் நம்பர்ல பேசினேனே, நான்தாங்க. இப்ப அங்க வேலையில இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க அப்பா படம் தெறக்காமப் போனதுக்குக் காரணமான குறை எனக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். சொல்ல வேண்டியவருக்குச் சொல்லல."

எதிர்முனையில் கத்தரிக்கோலை மரமேசையின் மேல் வைக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் அப்பாவின் தையல் கடையில்தான் இருந்தாள்.

"எதுக்கு இப்ப சொல்றீங்க? மன்னிப்பு வேணுமா?"

"இல்லீங்க."

"வேணும்னாலும் கிடையாது. கடையைக் காலி பண்ணிக்கிட்டிருக்கேன். பாதி தைச்ச துணியை எல்லாம் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுத் திருப்பிக் குடுக்கறேன்." மூச்சு வாங்கினாள். "எங்க அப்பா எட்டாவதுதான் படிச்சவரு. தைக்கறப்போ ஊசி ஒடஞ்சு துண்டு துணிக்குள்ள போயிடுச்சுன்னா, அது கிடைக்கற வரைக்கும் அந்தத் துணியைக் குடுக்க மாட்டாரு. கிடைக்கலேன்னா ஆளைக் கூப்பிட்டு, 'உள்ள ஊசி இருக்கு, போடாதீங்க'ன்னு சொல்லிடுவாரு. நல்லா திட்டுவாங்க. ஒருத்தன் துணியை மூஞ்சியில வீசிட்டுப் போனான். ஆனா எங்க கடைச் சட்டை குத்தி ஒருத்தருக்கும் ரத்தம் வந்ததில்ல."

பூதக்கண்ணாடி தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சவங்க, திட்டு விழுந்தாலும் சொல்லணுங்க. யாரோ தைச்ச சட்டைதானேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தீங்க. நீங்க சும்மா இருந்த ஒவ்வொரு நாளும் அந்தச் சட்டையை யாராவது ஒருத்தர் போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. கடைசியில எங்க அப்பா போட்டாரு."

தொலைபேசி துண்டிக்கப்பட்டது.